கொஞ்சம் ஹெல்மெட்டைக் கழட்டுப்பா

பூங்கொத்தைக் கையில் வாங்கியதுமே அதைச் சுற்றியிருந்த கண்ணாடித் தாள் கழன்று சாலையில் பறந்தது.

அதன் பின்னாலேயே அவள் ஓடிப்போய்க் குனிந்து எடுத்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நடைபாதையில் நின்றிருந்த கூட்டம் கைதட்டியது.

"பார்த்தீங்களா! சும்மாவா வச்சாங்க குப்பை போலீஸ்னு பேரு!" என்றார் நகராட்சியின் சுகாதார ஆய்வாளர்.

பாலத்தை ஒட்டிய அந்தச் சாலை வளைவுதான் ஊருக்கே குப்பைத் தொட்டியாக இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தக்கூட மாட்டார்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, பையை வீசிவிட்டு, எதுவும் தெரியாதவர்கள் மாதிரி போய்க்கொண்டே இருப்பார்கள்.

நகராட்சி தொட்டி வைத்துப் பார்த்தது. சுவரில் எழுதிப் பார்த்தது. ம்ஹூம்.

கடைசியில் கேமரா மாட்டி, வீசியவர்களின் படங்களைப் பெரிதாக அச்சடித்து, அதே வளைவில் பலகையாக நிறுத்திவிட்டது. 'இவர்களைத் தெரிந்தவர்கள் தகவல் தரவும்.'

அவள் ஒரு துணிக்கடையின் பின்னறையில் பேண்ட் உயரம் குறைப்பவள், ஜிப் மாற்றுபவள். வேலை முடிந்து வரும் வழியில் பலகையைப் பார்த்தாள். தெருவிளக்கு எரியத் தொடங்கிய பிறகும் அங்கேயே நின்றாள்.

மறுநாள் விடிந்ததும் வீட்டிலிருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வளைவில் உட்கார்ந்துவிட்டாள். கடை திறக்கும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாளும் வந்தாள்.

"பலகையைப் பார்த்து அக்காவுக்கு ரோஷம் வந்துடுச்சு" என்றார் எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவர்.

தனிக்கட்டை, பொழுது போக வேண்டாமா என்றார்கள் மற்றவர்கள். அதிலும் பொய்யில்லை. அவள் அறையில் குரல் என்று கேட்பது ரேடியோவின் குரல் மட்டும்தான். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் அதையும் சட்டென்று குறைப்பாள். காலடி அடுத்த வீட்டுக் கதவுக்குப் போய்விடும். மறுபடி கூட்டிவைப்பாள்.

வளைவில் அவள் யாரையும் திட்டியதில்லை. அதுதான் அதிசயம்.

வண்டி ஏதாவது மெதுவானால் எழுந்து கிட்டே போவாள். கையிலிருக்கும் பையைப் பார்க்க மாட்டாள், முகத்தைத்தான் பார்ப்பாள். முகம் மூடியிருந்தால், "கொஞ்சம் ஹெல்மெட்டைக் கழட்டுப்பா" என்பாள். அதில் அதட்டல் இருக்காது. கெஞ்சுகிற மாதிரிதான் இருக்கும்.

திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படி உற்று உற்றுப் பார்த்தால் என்னதான் செய்வது? ஆசாமிகள் நெளிந்தார்கள். வீசக் கொண்டுவந்ததை மடியிலேயே வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்கள். ஒரு பெரிய மனுஷர் காரிலிருந்து இறங்கி, ஏற்கெனவே வீசியதையும் பொறுக்கிக்கொண்டு போனார்.

மழையில் குடை பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் போர்வையைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

மெல்ல மெல்லக் குப்பை நின்றது. நாற்றம் போனது. மண்ணில் புல் தலைகாட்டியது. வேலை முடிந்ததென்று பலகையையும் கழற்றி எடுத்துப் போனார்கள். இப்போது அந்த வளைவில் எந்த வண்டியும் வேகத்தைக் குறைப்பதில்லை.

அவள் மட்டும் வந்துகொண்டிருந்தாள்.

"அதான் சுத்தமாயிடுச்சேக்கா, இன்னும் எதுக்கு இந்தக் குளிர்ல?" என்று பஞ்சர் கடைக்காரர் கேட்டபோது, சிரித்து மழுப்பிவிட்டாள்.

அதற்குத்தான் இன்று இந்தப் பாராட்டு. பூங்கொத்து, ஒரு புது நாற்காலி, படம் எடுக்க ஒருவர். துணிக்கடை முதலாளிகூட வந்திருந்தார். இத்தனை பேர் நடுவில் அவள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றாள்.

ஆய்வாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"ஒரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க. பலகையில இருந்தவங்க எல்லாரும் ஆபீஸுக்கு வந்து அபராதம் கட்டிட்டாங்க. ஒரு பையன் மட்டும் பாக்கி. படத்துல இடது கையால வீசுவானே, அவன். போன வாரம் ஒரு நாள் காலங்காத்தால அவனும் வந்தான். பணம் கட்டினா ஆச்சா, அந்த அம்மாகிட்ட நேர்ல வந்து மன்னிப்புக் கேளுன்னு நானே கையோட கூட்டிட்டு வந்தேன். அதோ, அந்தத் திருப்பம் வரைக்கும் வந்துட்டான்."

அவர் நிறுத்திக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இந்த அம்மா இங்க உட்கார்ந்திருக்கறதைப் பார்த்தான் பாருங்க, அதுக்கப்புறம் ஒரு அடி எடுத்து வைக்கல. 'சார், அபராதத்தை ரெண்டு மடங்கா வேணாலும் போடுங்க, அவங்க முன்னாடி மட்டும் என்னை நிறுத்தாதீங்க'ன்னு சொல்லிட்டு வந்த வழியே ஓடிட்டான். அவ்வளவு பயம்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. துணிக்கடை முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் திருப்பத்தைப் பார்த்தாள். ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. அது போன பிறகு அங்கே ஒன்றும் இல்லை.

"இங்க பாருங்கம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றார் படம் எடுப்பவர்.

அவள் காதில் அது விழவில்லை. ஆய்வாளரின் சட்டைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"ரொம்ப இளைச்சுட்டானா சார்?"