மயில்சாமியின் கால்

அவன் தன் வண்டி மீட்டரின் சென்சாரைக் கெட்டிலுக்குள் விட்டான். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

அவனுடைய வண்டிக்குள் உட்கார்ந்திருந்த இன்னொரு டிரைவர் மீட்டர் முள்ளைப் பார்த்து நூறு என்று அறிவித்தார்.

ஆக, அவனுடைய மீட்டரில் கோளாறு இல்லை.

பாழாய்ப்போன மீட்டரில் ஏதாவது ஒரு கோளாறு இருந்து தொலைக்கக் கூடாதா?

ஏழாவது வளைவில் மரம் விழுந்துவிட்டது. வால்பாறை போகிற வண்டிகளெல்லாம் இரண்டு மணி நேரமாக ஆழியாறு டீக்கடை முன்னால் நின்றன. இஞ்சின்கள் ஆறிவிட்டன. டிரைவர்களுக்கு வேலையில்லை. இந்த வழக்கை இன்றைக்கே தீர்த்துவிடலாம் என்று அவர்கள்தான் டீ மாஸ்டரிடம் கெட்டிலை வாங்கி வந்தார்கள்.

வழக்கு இதுதான்.

அவனிடமும் மயில்சாமியிடமும் ஒரே மாதிரி டீசல் பிக்கப். இஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டைக் காட்டுகிற மீட்டரைப் பொள்ளாச்சி எலக்ட்ரீஷியன் ஜபருல்லா பாய் இரண்டு வண்டிக்கும் ஒரே நாளில் மாட்டினார். முள் எழுநூறு டிகிரியை நெருங்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும் என்று இரண்டு பேருக்கும் சொன்னார்.

ஒன்பதாவது வளைவில் அவனுக்கு அறுநூற்றெண்பது. காலை எடுத்துவிடுவான்.

அதே லோடு, அதே வளைவு, மயில்சாமிக்கு அறுநூறு.

மயில்சாமி ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போய்விடுவான்.

மயில்சாமியின் கால் அப்படி என்று ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள். மிதிப்பதே தெரியாதாம். வெண்ணெய் மாதிரியாம். ஒரு நாள் அவனுடைய சொந்த மனைவியே சோறு போட்டுக்கொண்டு அதைச் சொன்னாள். அவன் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்தான்.

வயிறு எரிந்தது. ஆறு மாதமாக எரிகிறது.

ஏர் ஃபில்டரை மாற்றிப் பார்த்தான். நாசிலைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுத்தான். டர்போ குழாய்களில் சோப்பு நுரையைத் தடவி, காற்று கசிகிறதா என்று பார்த்தான். முள் ஒரு கோடுகூட இறங்கவில்லை.

மயில்சாமிக்கு மட்டும் என்ன, மூன்று காலா இருக்கிறது?

கெட்டில் அடுத்து மயில்சாமியின் வண்டிக்குப் போனது. வேறு யாரையும் நம்பாமல் அவனே சென்சாரைக் கழற்றினான். மயில்சாமி கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே கெட்டிலைப் பிடித்தான். அதுவும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

நூறு.

இரண்டு மீட்டரும் சரி. வண்டியும் ஒன்று, லோடும் ஒன்று. அப்படியானால் மிச்சம் இருப்பது கால்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கூட்டம் டீ குடிக்கப் போனது. போகிற போக்கில் ஒருவர் அவன் முதுகில் தட்டினார். ஆறுதலாம்.

அவன் மயில்சாமியின் பானெட்டுக்குள் குனிந்து சென்சாரை மறுபடி திருகி மாட்டினான்.

அப்போதுதான் பார்த்தான்.

சென்சார் ஒயரில் ஓரிடத்தில் கறுப்பு டேப். பிரித்தான். எலி கடித்த தடம். அங்கிருந்து மீட்டர் வரைக்கும் வேறு ஒயர். ஹாரனுக்குப் போடுகிற சாதாச் செம்பு ஒயர். மயில்சாமியே ஒட்டுப் போட்டிருக்கிறான்.

இந்த ஒயரோடு வேறு ஒயரைச் சேர்க்காதீர்கள் என்று மீட்டர் மாட்டிய அன்றைக்கே பாய் தலைபாடாக அடித்துக்கொண்டார். சேர்த்தால், இஞ்சின் ஆறியிருக்கும் வரை மீட்டர் ஒழுங்காகத்தான் காட்டும். மலை ஏறி, ஒட்டுப் போட்ட இடம் சூடேறியதும் எண்பது, நூறு குறைத்துக் காட்டும்.

எண்பது.

அப்படியென்றால் மயில்சாமிக்கும் அறுநூற்றெண்பதுதான். அந்த வேகத்துக்கு இன்னும் மேலேகூட இருக்கும். காலும் இல்லை, வெண்ணெயும் இல்லை.

ஒரு சத்தம் போட்டால் போதும். கூட்டம் டீயை வைத்துவிட்டு ஓடிவரும்.

வாயைத் திறந்தான்.

சொன்னால் மயில்சாமியின் பெயர் போகும். ஆனால் இஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

சொல்லாவிட்டால், பெயர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்.

வாயை மூடிக்கொண்டான். டேப்பைத் திரும்பச் சுற்றினான். முன்பு இருந்ததைவிட நன்றாகவே சுற்றினான்.

பானெட்டை இறக்கிவிட்டு, டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"உன்ற காலே காலு, மயிலு."

ஆறு மாதமாக வாயில் வராத வார்த்தை. நாக்கு கூசவேயில்லை.

டீ மாஸ்டர், இதுக்கெல்லாம் பெரிய மனசு வேண்டும் என்றார்.

மயில்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே சொன்னாலும் அண்ணன் வாயால் கேட்கிற மாதிரி வருமா என்றான்.

மரத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள், வண்டிகள் கிளம்பலாம் என்று மேலிருந்து தகவல் வந்தது. மயில்சாமி தன் வண்டிக்குப் போனவன் நின்றான். திரும்பி, அண்ணனின் வண்டியில் அடுக்கியிருந்த உர மூட்டைகளைப் பார்த்தான். இரண்டு வண்டி லோடும் ஒரே எஸ்டேட்டுக்குத்தான்.

"உங்க வண்டி சூடாகுதல்லங்ணா. அஞ்சு மூட்டைய என்ற வண்டிக்கு மாத்தீரலாம். எனக்கு முள்ளு ஏறவே மாட்டேங்குது."

பதிலுக்குக் காத்திருக்காமல் தூக்க ஆரம்பித்தான்.

மூட்டைக்கு ஐம்பது கிலோ. மயில்சாமியின் பிக்கப் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது மூட்டையில் அவன் ஓரடி முன்னால் வந்தான். மயிலு, அந்த ஒயரு என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மயில்சாமி மூட்டையை இறக்கிவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திரும்பினான்.

என்ன சந்தோஷம் பார்.

வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது.

நான்கு. ஐந்து.

மயில்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போதுமா அண்ணா என்று கேட்டான்.

அவன் இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னும் ரெண்டு வையி."