டிவி சேர்த்துச் சொன்னது

இருபத்தாறு வயது கிடங்குத் தொழிலாளி கட்டிலில் சாய்ந்திருக்கிறான். ஆணி கிழித்து வீங்கிய வலது கை, யாருடையதோ போலத் தலையணைமேல் கிடக்கிறது. ஊரில் இருக்கும் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு யாராவது படித்துக் காட்டட்டும் என்று போனில் வாயால் சொல்கிறான், அது எழுத்தாகிறது. "அம்மா, குண்டுக்கல்லு மாதிரி இருக்கேன்." எதிரே டிவியில் மருத்துவச் செலவைப் பற்றிய ஆவணப்படம். அதன் நீல வெளிச்சம் சுவரில் அசைகிறது. ஒருத்தி சொல்கிறாள்: "இன்சூரன்ஸ் இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போகல. கடைசில கைய எடுத்துட்டாங்க." அறைக்கூட்டாளி சிரிக்கிறான். "நமக்கும்தான் இன்சூரன்ஸ் இல்ல. பட்டினியா கெடந்துக்கிட்டு சமையல் நிகழ்ச்சி பாக்குற ஆளுடா நீ." டிவி சொன்னதையும் இவன் சொன்னதையும் சேர்த்துப் போன் எழுதிவிடுகிறது. அழிக்கப் போன இடது கை விரல் நிற்கிறது. கை வீங்கியவன் போனிடமே மெல்லச் சொல்கிறான்: "இத யாரு படிச்சாலும், அம்மாவுக்கு மொத வரிய மட்டும் படிச்சுக் காட்டுங்க."