மாமா வாங்கி வைத்த பிராசஸர்

“செத்துப்போச்சாடா?” அக்காவின் குரல் நடுங்கியது.

தம்பி மறுபடி பொத்தானை அமுக்கினான். கம்ப்யூட்டரின் விசிறி கிர்ரென்று கிளம்பியது, கொஞ்சம் சுற்றியது, அடங்கிவிட்டது. மானிட்டர் கன்னங்கரேலென்று அவன் முகத்தையே அவனுக்குக் காட்டியது.

கதவருகில் நின்றிருந்த அக்கா நீளமாக மூச்சு விட்டாள்.

சும்மா கிடந்ததைக் கழற்றியவன் அவன்தான். அப்பா இல்லாத வீட்டில் அவனைக் கல்லூரியில் சேர்த்தவர், வேலையில் உட்கார வைத்தவர் எல்லாம் அக்காவின் கணவர். போன மாதம் அந்த மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மேசைமேல் பிரிக்காத பெட்டியில், கம்ப்யூட்டரின் மூளையான இந்தப் புது பிராசஸர் இருந்தது. அவர் கடைசியாக வாங்கிய சாமான்.

வாங்குவதற்கு முன்னால் அவனிடம்தான் போனில் யோசனை கேட்டார்.

“பழசு திணறுதுடா மாப்ள. ஒரே நேரத்துல நாலு படம் ஓடணும்.”

“நாலு படமா? வீட்லயே தியேட்டர் கட்டறீங்களா மாமா?”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றதால்தான் இன்று ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அவர் ஆசைப்பட்டதை மாட்டிவிடலாம், உள்ளே இருக்கும் போட்டோக்களை எடுத்து அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று எண்ணம். இப்போது மாமாவை இரண்டாம் தடவை தானே கொன்றுவிட்ட மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பனைப் போனில் பிடித்தான்.

“மெமரியைக் கழட்டி மாட்டுனியா?”

“ஆச்சு.”

“மதர்போர்டுல இருக்கிற பேட்டரி?”

“அதையும் கழட்டிப் போட்டாச்சுடா. ஒண்ணும் எடுபடல. டிஸ்க்கை மட்டும் உருவி வேற மிஷின்ல போட்டா போட்டோவாவது கிடைக்குமா?”

“அவரு அந்த போர்டோட சேர்த்துப் பூட்டு போட்டிருந்தார்னா வேற மிஷின்ல திறக்காது, அந்த போர்டுலதான் தானா திறக்கும். போட்டிருப்பாரா?”

“மாமா பூட்டாத சாமான் எதுடா?”

“அப்ப போர்டு போச்சுன்னா உள்ள இருக்கிறதும் போச்சு. எதுக்கும் பிராசஸரை எடுத்துப் பாரு. அடியில குட்டிக் குட்டியா கால் இருக்கும்ல, ஒண்ணு மடிஞ்சிருக்கும். மெதுவா நிமித்து. ஒடிச்சே, கதை முடிஞ்சுது.”

விசிறியைக் கழற்றி, பசையைத் துடைத்து, பிராசஸரை வெளிச்சத்தில் பிடித்தான். கால்கள் எறும்புக் கூட்டம் மாதிரி வரிசையாக மின்னின. ஓரத்தில் ஒன்று மட்டும் சாய்ந்து கிடந்தது.

“அக்கா, ஒரு ஊசி குடேன்.”

“ஊசியா? வீட்ல ஊசியே இல்லடா.”

அவளுக்குப் பின்னால் தையல் மிஷின்மேல் பாதி தைத்த ரவிக்கை கிடந்தது. பாவம், எது எங்கே இருக்கிறதென்றே அவளுக்கு நினைவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

“விட்டுடேன்டா. போனது போகட்டும். எடைக்குப் போட்டுடலாம்.”

“எடைக்கா? மாமா ஒவ்வொரு ஸ்க்ரூவா தன் கையால முடுக்கினது. உனக்கு எப்படிக்கா மனசு வருது?”

அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். கோபத்தில் கத்திவிட்டோமே என்று அவனுக்கு இன்னும் பயமாகிவிட்டது. அழுதுவிட்டால் யார் தேற்றுவது?

பர்சிலிருந்து ஏ.டி.எம். கார்டை எடுத்தான். அதன் விளிம்பை இரண்டு வரிசைக்கு நடுவே நுழைத்து, மடிந்த காலின்மேல் மயிரிழை அளவுக்கு அழுத்தினான். நிறுத்தினான். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினான்.

கால் நிமிர்ந்தது. ஒடியவில்லை.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். பொத்தானை அமுக்கக் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான்.

விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து ‘பீப்’ என்று ஒரு சத்தம்.

“அக்கா! வந்துடுச்சு! உயிர் வந்துடுச்சுக்கா!”

அக்கா பக்கத்தில் வரவில்லை. சுவரோடு முதுகை ஒட்டியபடி நகர்ந்து போய், பீரோவுக்கும் சன்னலுக்கும் நடுவே இருந்த சந்தில் ஒடுங்கிக்கொண்டாள். முந்தானை வாய்க்குள் இருந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் போலிருக்கிறது என்று அவன் திரையின் பக்கம் திரும்பினான்.

பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் திரை விழித்தது. விழித்ததும் தானாகவே நாலு கட்டமாகப் பிரிந்தது. ஒன்றில் சமையலறை அடுப்பு. ஒன்றில் கட்டில். ஒன்றில் வாசல் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாள். கடைசிக் கட்டத்தில் ஒரு மேசை, அதன்மேல் குனிந்திருக்கும் ஒருவனின் முதுகு.

தம்பி மெல்லக் கையை உயர்த்தினான். திரையில் இருந்தவனும் உயர்த்தினான்.

திரும்பி அண்ணாந்து பார்த்தான். புத்தக அலமாரியின் உச்சியில், இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவே, கடுகளவு கண்ணாடி ஒன்று மினுங்கியது.

“என்னக்கா இது?”

அக்கா உதடு அசையாமல், சந்துக்குள்ளிருந்து கிசுகிசுத்தாள்.

“இங்க வந்துடுடா. இந்த ஒரு இடம்தான் அவருக்குத் தெரியாது.”