முதல் குடம்

ஆலங்குடிப் பக்கத்து அந்த ஊரில் மழை பொய்த்து வருஷக்கணக்காகியிருந்தது. இரும்புக் கோபுரம் நாட்டிப் போட்ட துளையில் தண்ணீர் பீறிட்டதும் ஊரே குடத்தோடு ஓடிவந்தது.

முதல் குடத்தை ஜெபமாலையம்மாள் நேரே இஞ்சினியர் இருதயநாதனிடம் கொண்டுவந்தாள். அவனுக்குச் சொந்த அத்தை. துளை போடத் தன் கடலைக்கொல்லையையே விட்டுக்கொடுத்தவள்.

"நீ ஒரு வாய் குடிய்யா மருமகனே. அப்பறந்தான் மாதா கோயிலுக்கு."

அவன் ஒரு வாய் குடித்தான். தண்ணீர் இளநீராய் இனித்தது.

"கொல்லையைக் கேட்டப்ப, தண்ணிக்குத்தானேய்யான்னு கேட்டேன். நீயும் தலையாட்டுனே. சொன்னபடி செஞ்சுட்டே."

இருதயநாதன் தலைகுனிந்தான். பிள்ளை கூச்சப்படுகிறான் என்று ஊரார் சிரித்தார்கள்.

அப்போது ஜீப்பில் வந்து இறங்கிய பெரிய அதிகாரி, அவனிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"எண்ணெய் கிடைத்ததா?"

"இல்லை சார். வெறும் தண்ணீர்தான்."

"அப்படியானால் சிமெண்டை ஊற்றித் துளையை அடைத்துவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புங்கள்."

லாரியிலிருந்து சிமெண்ட் மூட்டைகள் இறங்குவதைப் பார்த்து அத்தை பூரித்துப்போனாள்.

"தொட்டியும் கட்டித் தரப்போறீங்களாய்யா?"

இருதயநாதன் மறுபடியும் தலையாட்டினான்.