கேக்கின் மேல் உட்கார்ந்தவர்

திரையில் ஒரு பெண் கேக்கின் மேல் உட்கார்ந்தாள்.

எடிட்டர் வீடியோவைப் பின்னால் ஓட்டினார். எழுந்தாள். முன்னால் ஓட்டினார். மறுபடியும் உட்கார்ந்தாள்.

"அது உங்க சித்திதான்," என்று மனைவியிடம் சொன்னார் கணவர்.

"உங்க அக்கா," என்றார் மனைவி.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறக் கட்டங்கள் சில இருந்தன. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பழைய கேசட். அவர்கள் மகளின் முதல் பிறந்தநாள். கூடம் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது, கேமராவும்தான். பின்னால், மூலையில், நாற்காலி மேல் கேக். கணவர் வாங்கி வந்தது. மூன்று அடுக்கு. வேறு யாரையும் தொடவிடவில்லை என்று சொல்லும்போது அந்தப் பெருமை இன்னும் குரலில் இருந்தது.

உட்கார்ந்தவள் எழுகிறாள். பச்சைப் புடவையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொள்கிறாள். கூட்டத்தில் கலந்துவிடுகிறாள்.

அன்றிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு இல்லை. சித்தியும் அக்காவும் அன்று பச்சையில் வந்திருந்தது துரதிர்ஷ்டம்.

அடுத்த வாரம் அந்த மகளுக்குக் கல்யாணம். சித்தி வந்தால் அக்கா வரமாட்டார். அக்கா வந்தால் சித்தி வரமாட்டார். ரெண்டு பேரும் வராமல் மேடை ஏறமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரிந்தாக வேண்டும்.

வீடியோவைத் துலக்கும் வேலை நேற்றே முடிந்திருந்தது. எடிட்டருக்கு அதைக் காட்டத்தான் பயம்.

மென்பொருளை அவரே பழக்கியிருந்தார். தெளிவான வீடியோவையும், அதையே மங்கலாக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு எந்த மங்கலைக் கொடுத்தாலும், பார்த்த ஞாபகத்தில் அது புள்ளிகளை இட்டு நிரப்பும்.

காட்டுவதற்குக் கையில் இருந்தவை சொந்த வீட்டு வீடியோக்கள்.

சொந்த வீட்டு வீடியோ எதிலும் மாமியார் முன்னால் நிற்பார். விசேஷம் என்று காதில் விழுந்தால் போதும், கிளம்பிவிடுவார். யாருடைய விசேஷம், அழைத்தார்களா என்பதெல்லாம் அப்புறம்.

ஆகவே முதல்முறை துலக்கியபோது எல்லோருக்கும் மாமியார் முகம் வந்தது. கணவர், மீசை வைத்த மாமியார். குழந்தை, பல் முளைக்காத மாமியார். சுவரில் ஒட்டியிருந்த பலூன் எடிட்டரை முறைத்தது.

மாமியாரை ஒரு துளி விடாமல் நீக்கினார். வேறு வீடியோக்களைக் காட்டி முதலிலிருந்து பழக்கினார். கணவர் கணவரானார். குழந்தை குழந்தையானது. பலூன் சாந்தமடைந்தது.

கேக்கின் மேல் உட்கார்ந்தவள் மட்டும் மாறவில்லை. வயது மட்டும் குறைந்திருந்தது. அதையும் கோளாறு என்றே எடுத்துக்கொண்டார்.

"ஒரு சின்னப் பிரச்சினை சார்," என்று சொல்லி எடிட்டர் பொத்தானைத் தட்டினார்.

கட்டங்கள் கரைந்தன. அகன்ற நெற்றி. தடித்த கண்ணாடி. யாரையும் லட்சியம் செய்யாத உதடுகள். முகம் திரையை அடைத்துக்கொண்டது.

"யாரு இது?"

"என் மாமியார். சாஃப்ட்வேர் பண்ணின குளறுபடி. எவ்வளவு அழிச்சாலும் போகமாட்டேங்கிறாங்க."

"மாமியார்னா அப்படித்தான்," என்றார் கணவர்.

மனைவி அவரைப் பார்த்தார். அவர் இருமினார்.

பிறகு மனைவி திரைக்கு அருகில் குனிந்தார். "என்னங்க, இது சித்தி இல்ல."

"அக்காவும் இல்ல."

கேக் விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. இருவருக்குமே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"இதையே ரெண்டு வீட்டுக்கும் அனுப்பிடலாம்," என்றார் மனைவி.

"ஐயோ மேடம், அது பொய். அவங்க பாவம், எதுவுமே செய்யல."

"உங்க மாமியாரை எங்களுக்குத் தெரியாது தம்பி. அவங்களுக்கும் எங்களைத் தெரியாது. யாரோ ஒரு அம்மா வந்தாங்க, உட்கார்ந்தாங்க, போயிட்டாங்க. ரெண்டு வீடும் சேர்ந்து அவங்களைத் திட்டிட்டு வந்து சாப்பிடட்டும்."

எடிட்டர் மேடை ஏறாமல் நிற்கும் மணப்பெண்ணை நினைத்துப் பார்த்தார். பிறகு மாமியாரை. ஒரு அப்பாவியைக் காட்டிக்கொடுப்பதாகத் தோன்றியது. அந்தச் சொல்லை மாமியாருக்கு அவர் பயன்படுத்துவது இதுவே முதல்முறை.

தலையாட்டினார்.

கதவு திறந்தது. கையில் சாப்பாட்டு அடுக்கோடு மாமியார்.

எடிட்டர் திரையை அணைக்கப் பாய்ந்தார். மவுஸ் கீழே விழுந்தது. திரை அணையவில்லை.

மாமியார் அடுக்கை மேசையில் வைத்தார். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

திரையில் முகம் மட்டும்தான் இருந்தது. நாற்காலி இல்லை. கேக் இல்லை.

"ஏன் மாப்பிள்ளை," என்றார், "உட்கார்ற நாற்காலியில யாராவது கேக்கைக் கொண்டுவந்து வைப்பாங்களா?"



மனைவி மெல்லக் கணவர் பக்கம் திரும்பினார்.

கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை.