பச்சைத் தண்ணீர்

குடல்நோய் ஆராய்ச்சிப் பிரிவின் வெள்ளை வெளிச்சத்தில், பனிப்பெட்டியிலிருந்து நர்ஸ் அப்போதுதான் எடுத்து வைத்த பழுப்பு கேப்ஸ்யூல்கள் தட்டில் வியர்த்துக் கிடக்கின்றன. ஆறாத குடல்புண்ணால் எலும்பும் தோலுமாகிவிட்ட அக்கா அவற்றை முறைக்கிறாள். எதிரே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தங்கையின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த நல்ல கிருமிகள்தான் மருந்தாக உள்ளே இருக்கின்றன. "வேற யாரோடதும் கிடைக்கலையா?" என்கிறாள் அக்கா. "சொந்தக்காரங்க எல்லாரையும் சோதிச்சாச்சும்மா. இவங்க வயிறுதான் சுத்தம்" என்கிறார் நர்ஸ். "வயிறு மட்டும்தான்." தங்கையின் கால் நிற்கிறது. "உன்னை மாதிரி வயித்தெரிச்சல் புடிச்சவளா இருந்தா என்னோடதும் தேறியிருக்காது. பேசாம முழுங்கு."

மூலையிலிருக்கும் தண்ணீர் கேன் காலி. நர்ஸ் அதை ஆட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். தங்கை பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி நீட்டுகிறாள். அவள் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, "உன் கையால பச்சைத்தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன்" என்று சொன்னவள் அக்கா. இன்றுவரை குடித்ததில்லை. பாட்டிலைப் புறங்கையால் தள்ளிவிட்டு ஒரு கேப்ஸ்யூலை வாயில் போடுகிறாள். வறண்ட தொண்டையில் அது இறங்க மறுக்கிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது, கண்ணில் நீர் முட்டுகிறது. ஒருவழியாக விழுங்குகிறாள். "உன் தண்ணி எனக்கெதுக்குடி?" என்று கரகரத்த குரலில் சொல்லிவிட்டு, அடுத்த கேப்ஸ்யூலை எடுக்கிறாள்.