சிவப்புப் பொட்டு

எலக்ட்ரானுக்குத் தன் நடையில் அசாத்திய நம்பிக்கை. கண்ணாடிக் குழாயின் மறுகோடியில் ஒரு திரை, அதன் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. "நேரா போய் அதுலதான் முட்டுவேன்" என்று நியூட்ரானிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியது. நியூட்ரானும் கூடவே வந்தது.

வழியில் மேலும் கீழுமாக இரண்டு உலோகத் தகடுகள். மேலே நேர்மின்னூட்டம், கீழே எதிர்மின்னூட்டம். நடுவில் நுழைந்ததுமே எலக்ட்ரானின் பாதை மேல்நோக்கி வளைந்தது.

"தம்பி, மேல போறியே" என்றது நியூட்ரான்.

"நானாத்தான் போறேண்ணே. மேல நல்லா காத்து வருது."

அந்தக் குழாயில் காற்றே கிடையாது.

தகடுகளைத் தாண்டியதும் எலக்ட்ரான் சாய்வாகவே போய், பொட்டுக்கு நாலு விரற்கடை மேலே திரையில் முட்டியது. நியூட்ரான் பொட்டிலேயே போய்ப் பட்டது.

எலக்ட்ரான் குனிந்து பார்த்தது.

"பொட்டை எவனோ கீழ எறக்கி வச்சிருக்காண்ணே."